அந்த மாலை கழுத்திற்கு வேண்டாம்

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தை நோக்கிச் செல்லும் வண்டிப்பாதையின் ஓரத்தில் நமக்கு ஒன்றரை ஏக்கர் வாழைத் தோட்டம் உண்டு. பேரணையிலிருந்து புறப்பட்டு வரும் பெரியாறு பாசனக் கால்வாயின் தண்ணீர்தான் அதற்கு உயிர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மதுரை நகரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நாமும் நம் இல்லத்தரசியாரும் இங்கேயே வந்து தங்கிவிட்டோம். மலையும் கால்வாயும் அருகருகே இருக்கும் ஊரில் பாம்புக்குக் குறைவிராது. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் நமக்குப் பழகிப்போயின. ஆனால் பெரிய பாம்பு ஒன்றை இரு கைகளாலும் தாங்க நேரும் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை. அதுவும் ஒரு முறையன்று; இரு முறை.

முதல் முறை 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நான்கு நாள் விடாமழைக்குப் பின் வாழைக்கு மண் அணைக்கச் சென்ற வேலையாள் கூக்குரலிட்டபடி ஓடி வந்தார். சென்று பார்த்தால், சருகுக் குவியலின் நடுவே ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. நடு உடல் பானைபோல் உப்பியிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரரின் ஆட்டுக்குட்டி ஒன்றை முதல்நாள் மாலையிலிருந்து காணவில்லை. அது எங்கே போயிற்று என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் தடியும் கடப்பாரையுமாக முப்பது பேர் கூடிவிட்டனர். குட்டியை இழந்தவரின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் இந்திய மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர்; அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை என்று எடுத்துச் சொல்லி, வனத்துறைக்குத் தொலைபேசியில் தகவல் கொடுத்தோம். சட்டத்தின் அச்சத்தைவிட, முன்பு நம்மிடம் படித்தவர்கள் அக்கூட்டத்தில் பலர் இருந்ததே அன்று அப்பாம்பைக் காத்தது என்று கொள்ளலாம்.

வந்தவர்கள் நால்வர். அவர்களுள் இளையவர் ஒருவர் கூட்டத்தை முதலில் இருபது அடி பின்னுக்கு நகர்த்தினார். பாம்பின் அருகே உடனே செல்லவில்லை. ஒரு பீடி புகைக்கும் நேரம் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இரை தின்ற பாம்பை அவசரப்படுத்தினால் கக்கிவிடும், சார். கக்கினால் அதற்கும் கெடுதல், பிடிக்கிறவனுக்கும் நாற்றம்" என்றார். பின்னர் நீண்ட கம்பியால் அதன் முதுகை மெல்லத் தொட்டார். அது தலையைத் தூக்கிச் சீறியது. மீண்டும் காத்திருந்தார். அது தானாக நகரத் தொடங்கியபோது ஒருவர் தலையின் பின்புறத்தைப் பற்ற, மற்ற மூவரும் உடலை வரிசையாகத் தாங்கினர். நடுவில் ஆள் போதாமல் இளைஞர் நம்மைப் பார்த்தார். நாமும் கை கொடுத்தோம். குளிர்ச்சியாக, உலர்ந்து, வழவழப்பாக இருந்தது. பாம்பு ஈரமாக இருக்கும் என்று அறுபது ஆண்டுகளாக நம்பியிருந்த நமக்கு அது வியப்பே. ஆனால் அதனினும் பெரிய வியப்பு உள்ளே இருந்த வலிமை. பிடித்த கைக்குள் தசைகள் அலை அலையாக நகர்ந்தன. ஓடும் நீரைக் கைக்குள் அடக்க முயல்வது போலிருந்தது. "இறுக்காதீர்கள், தாங்குங்கள் போதும்" என்றார் இளைஞர். சாக்கில் இட்டு, அளந்து, ஒன்பதடி என்று எழுதிக்கொண்டு, மலைக்காட்டில் விடுவதற்காகக் கொண்டுசென்றனர்.

பழந்தமிழ்ப் புலவர்கள் இப்பாம்பை மாசுணம் என்றனர். இதற்கு நஞ்சு இல்லை. ஆனால் நம் பகுதி மக்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கண்ணாடி விரியனைக் கையில் எடுப்பவர் உண்டு. இரண்டும் பருத்த உடல், பழுப்பு நிறம், திட்டுத் திட்டான முதுகு. விரியனின் முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசைக் கண்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கும். மலைப்பாம்பின் திட்டுகள் கிழிந்த துணிபோல் ஒழுங்கற்று, ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் காணப்படும். விரியன் குக்கரின் ஆவிபோல் உரக்கச் சீறும். ஆனால் வயல் வரப்பில் நின்று வரிசையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. பாம்பைத் தொடாமல் விலகி நிற்பவருக்கு இந்த ஐயமே எழாது.

மண்ணுளிப் பாம்பும் இரையைச் சுற்றி நெரிக்கும் இனமே. இதையும் இடையில் சொல்லிவிடுகிறோம். 'இரட்டைத் தலைப் பாம்பு' என்று அதற்குப் பெயர் சூட்டி, கோடி ரூபாய் பெறும் என்று ஆசை காட்டி, ஏமாளிகளின் சேமிப்பைப் பறிக்கும் கூட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2014-இல் வந்த 'சதுரங்க வேட்டை' திரைப்படம் இதை அப்படியே காட்டியது. படம் பார்த்துச் சிரித்தவர்களே பின்னர் ஏமாந்ததாகவும் கேள்விப்படுகிறோம். அதற்கு இருப்பது ஒரே தலை. வால் மழுங்கி இருப்பதால் தலைபோல் தோன்றுகிறது, அவ்வளவே.

இனி இரண்டாவது பாம்பிற்கு வருவோம். அது மலையிலிருந்து இறங்கி வரவில்லை. பெங்களூரிலிருந்து காரில் வந்தது.

நம் தங்கையின் மகன் அங்கே கணினி நிறுவனம் ஒன்றில் பணி புரிந்துவந்தான். நல்ல பிள்ளை. சிறுவயதில் நம் பங்கில் பீடச்சிறுவனாக இருந்தவன்; ஞாயிறு திருப்பலியைத் தவற விடாதவன். தனியறையில் வாழும் இளைஞர்கள் நாயும் பூனையும் வளர்ப்பது உண்டு. இவன் 2019-ஆம் ஆண்டில் இரண்டடி நீளமுள்ள போவா என்னும் தென்னமெரிக்கப் பாம்பை விலைக்கு வாங்கி வளர்த்தான். அது ஐந்தாண்டில் ஏழடிப் பாம்பாகிவிட்டது. 2024-ஆம் ஆண்டு மே மாதம், கனடாவில் வேலை உறுதியாகி ஆகஸ்டில் புறப்பட இருந்த நிலையில், பாம்பை மதுரைக்குக் கொண்டுவந்தான். தங்கை அதை வாசற்படி தாண்ட விடவில்லை. ஆகவே இரவோடிரவாக நம் தோட்டத்து வீட்டிற்கு வந்து சேர்ந்தான். அக்கினி நட்சத்திரக் காலத்தில் பகலில் காரில் வைத்தால் பாம்பு செத்துவிடும் என்றான். தன் உடற்சூட்டைத் தானே கூட்டவோ குறைக்கவோ இயலாத உயிர் அது. இருக்கும் இடத்தின் சூடே அதன் சூடு.

"இரண்டே மாதம், மாமா. அதற்குள் ஏதாவது வழி செய்துவிடுகிறேன்" என்றான். இல்லத்தரசியார் ஒன்றும் சொல்லவில்லை. பின்னறையைக் காலி செய்து, சன்னலுக்குக் கம்பிவலை அடித்து, கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி வரச் சொன்னார். பாம்பிருந்த பெட்டிக்கு வேறொரு பூட்டு. இரண்டு சாவிகளையும் தம் செபமாலைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பாம்பிற்கு உணவாக உறைநிலையில் கொண்டுவந்திருந்த வெள்ளெலிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க மட்டும் அவர் இறுதிவரை இசையவில்லை. பம்புசெட்டு அறையில் ஒரு பழைய குளிர்பதனப் பெட்டியை வாங்கி வைக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய அயல்நாட்டுப் பாம்புகள் நம் நாட்டிற்குள் எப்படி வருகின்றன என்பது தனிக் கதை. 2023-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியைத் திறந்தபோது 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிரோடு இருந்தன. நம் மருமகன் கடையில் வாங்கியவன். அக்கடைக்கு அது எவ்வழியில் வந்தது என்று அவன் கேட்கவில்லை. 2020-இல் மைய அரசு அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் தாமாக முன்வந்து அறிவிக்குமாறு சொன்னபோது இவனும் அறிவித்திருந்தான். 2022-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் அதற்கான பதிவு விதிகளும் வெளிவந்தன. அவற்றின்படி விண்ணப்பமும் செய்திருந்தான். நம் நாட்டு மலைப்பாம்பையோ மண்ணுளியையோ வீட்டில் வைத்திருப்பதற்கு எந்தப் பதிவும் துணை செய்யாது, அது குற்றமே.

பாம்பைக் கையாளும் முறையில் அவன் கவனமானவன் என்பதை மறைக்க மாட்டோம். பெட்டியைத் திறந்ததும் கையை நீட்ட மாட்டான். வளைந்த கம்பியால் பாம்பின் உடலை ஒருமுறை மெல்லத் தொடுவான். "இப்போது வருவது இரை இல்லை என்று அதற்குச் சொல்லுகிற மணி இது" என்பான். பின்னர் நடு உடலில் ஒரு கை, பின் உடலில் ஒரு கை கொடுத்துத் தூக்குவான். தலையைப் பிடிக்க மாட்டான். இரை கொடுத்தபின் இரண்டு நாள் தொட மாட்டான். சட்டை உரிக்கும் நாள்களில் அதன் கண்கள் பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். சரியாகப் பார்வை தெரியாமல் அது மிரளும். அப்போதும் தொட மாட்டான். தொட்டபின் சோப்பு இட்டுக் கை கழுவுவான். அவ்வகை உயிர்களின் தோலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும், சிறு குழந்தைகளுக்கு அது பெரும் வயிற்றுநோயைத் தரும் என்றான். வந்த மறுநாள் நம் மகளின் நான்கு வயதுக் குழந்தை விடுமுறைக்கு வர இருந்தது. அதைக் கேட்டதும் இல்லத்தரசியார் பாம்பின் தண்ணீர்த் தொட்டியைச் சமையலறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டார்.

ஒன்று மட்டும் அவன் செய்தது நமக்குப் பிடிக்கவில்லை. கைப்பேசியில் அவன் காட்டிய படங்களில் பாதி, பாம்பைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டு சிரிப்பவை. "அந்த மாலை கழுத்திற்கு வேண்டாம், தம்பி" என்றார் இல்லத்தரசியார். "அது பழகிய பாம்பு, அத்தை" என்றான் அவன். பழகியது யார் என்பதே நம் கேள்வி. நாய் நம்மை அறியும். பாம்பு நம் சூட்டையும் மணத்தையும் அறியும். கழுத்தில் கிடப்பது விழாமலிருக்கச் சற்று இறுக்கிப் பிடித்தாலும் மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படும். நெரிக்கும் பாம்பு இரையின் மூச்சை அடைத்துத்தான் கொல்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே போவா இனத்தைக் கொண்டு ஆராய்ந்தபோது, சில நொடிகளிலேயே இரையின் இரத்த ஓட்டம் நின்றுபோவதைக் கண்டனர். அதற்கு முன் 2012-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது: இரையின் இதயத் துடிப்பைப் பாம்பு தன் உடலால் உணர்ந்து, துடிப்பு உள்ளவரை இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது.

பேத்தி வந்தாள். பூட்டிய கதவும், சன்னல் வலைவழியே கண்ட பெட்டியும் அவளை ஈர்த்தன. எட்ட நின்று ஒருமுறை பார்க்கட்டும் என்று காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாதா காலுக்குக் கீழே இருக்குமே, அந்தப் பாம்பா பாட்டி இது?" என்று கேட்டாள். நம் வீட்டுப் பீடத்திலும் கோயில் கெபியிலும் அமலோற்பவ அன்னையின் பாதத்தில் நசுங்கிக் கிடக்கும் பாம்பை நாள்தோறும் பார்ப்பவள் அவள். நாம் ஆதியாகமத்திலிருந்து தொடங்கி விளக்கம் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் பாட்டியார், "இல்லை கண்ணு. அது சாத்தான். இது பாம்பு" என்று முடித்துவிட்டார். நாற்பதாண்டு மறைக்கல்வி கற்பித்த நமக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்திருக்காது.

விபத்து நிகழ்ந்தது மூன்றாம் வாரத்தில், ஒரு சனிக்கிழமை மாலை. அன்று இரை கொடுக்கும் நாள். மருமகன் வெள்ளெலியை வெந்நீரில் இட்டு உறைநிலை நீக்கிக்கொண்டிருந்தான். இடையில் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடப்பதைக் கண்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தான். கம்பியால் தொடவில்லை. கை கழுவவில்லை. ஐந்தாண்டுக் கவனம் அரை நிமிடம் தவறியது. பாம்பு பாய்ந்து முன்கையைக் கவ்வி, கண் இமைப்பதற்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது.

அவன் அலறவில்லை, கையை இழுக்கவும் இல்லை. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் தசை கிழியும். "மாமா, வாலைப் பிடியுங்கள், வாலிலிருந்து பிரியுங்கள்" என்றான். நமக்குக் கை எழவில்லை. உண்மையை எழுதுகிறோம்: ஒன்பதடிப் பாம்பைத் தாங்கியவர் என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்த நாம் அன்று கதவு நிலையைப் பிடித்தபடி நின்றோம். உள்ளே வந்தவர் இல்லத்தரசியார். முந்தானையைச் செருகிக்கொண்டு, வால் நுனியைப் பற்றி, மாவுக்கட்டியிலிருந்து துணியைப் பிரிப்பது போல ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கலானார். நெரிக்கும் பாம்பின் உடலில் வாலே வலிமை குன்றிய பகுதி. நடுவில் பிடித்து இழுத்தால் பத்து ஆள் பலமும் பயன்படாது. "தண்ணீர் கொண்டுவாருங்கள்" என்று அவர் நம்மை அதட்டியபின்தான் நமக்கு நினைவு திரும்பியது. பானையிலிருந்த குளிர்ந்த நீரைப் பாம்பின் முகத்தில் ஊற்றினோம். இரண்டாவது செம்பு ஊற்றும்போது அது வாயை விட்டது. இருவருமாக அதைத் தூக்கிப் பெட்டியில் இட்டுப் பூட்டினோம்.

கையில் கற்றாழை முள் கீறியதுபோல் இரண்டு வளைந்த வரிசைகளில் சிறு சிறு துளைகள். சோப்பு நீரால் நெடுநேரம் கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டு அழைத்துவந்தோம். பாம்பின்மேல் பிழை ஏதுமில்லை. கை எலிபோல் மணத்தது. அது எலியைப் பிடித்தது. ஆனால் அன்றிரவு நாம் இருவரும் உறங்கவில்லை. அறைக்குள் அவன் தனியாக இருந்திருந்தால்? பேத்தி அவன் பின்னால் சென்றிருந்தால்?

இவை வீண் அச்சங்களல்ல. 2009-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு இரவில் தொட்டியிலிருந்து வெளியேறி, தொட்டிலில் உறங்கிய இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. அப்பாம்பின் நீளம் எட்டரை அடி. நம் பின்னறையில் இருந்ததைவிட ஒன்றரை அடிதான் கூடுதல். அதற்கு ஒரு மாதமாகச் சரியான இரை இல்லை. தொட்டிக்குப் பூட்டும் இல்லை. 2013-இல் கனடாவின் கேம்ப்பெல்டன் நகரில், வளர்ப்பு விலங்குக் கடையின் மாடியில் உறங்கிய இரு சிறுவர்களை, காற்றுக்குழாய் வழியே வந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு கொன்றது. பெரிய பாம்பை வைத்திருப்போர் ஒருவர் தனியாக அதைத் தொடக் கூடாது, உதவிக்கு இன்னொருவர் குரல் எட்டும் தூரத்தில் அல்ல, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அறிந்தோர் விதித்திருப்பது காரணமின்றி அன்று.

மறுநாள் திருப்பலி முடிந்து வரும் வழியில் மருமகன் மெல்லப் பேச்செடுத்தான். "மாமா, சிறுமலை அடிவாரத்தில் விட்டுவிட்டால் என்ன? அன்று வனத்துறையார் பிடித்த பாம்பையும் காட்டில்தானே விட்டார்கள். இது ஒன்றே ஒன்று. தானாகப் பிழைத்துக்கொள்ளும்."

இதற்கு நாம் உடனே மறுமொழி சொல்லவில்லை. வீட்டிற்கு வந்தபின் உட்காரவைத்துச் சொன்னோம். அந்த மலைப்பாம்பு சிறுமலையின் பிள்ளை. அது தன் வீட்டிற்குத் திரும்பியது. இது கடல்கடந்து வந்த பாம்பு. ஒன்று பிழைக்காமல் பசியாலும் வெயிலாலும் சாகும், அது கொலை. அல்லது பிழைத்துக்கொள்ளும், அது அதனினும் கேடு. போவா முட்டையிடுவதில்லை, குட்டிகளாகவே ஈனும். ஆண் துணையின்றியே பெண் போவா குட்டி ஈன்றதை 2010-இல் ஆய்வாளர்கள் மெய்ப்பித்திருக்கிறார்கள். ஆகவே 'ஒன்றே ஒன்று' என்பதும் உறுதியான கணக்கன்று.

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திலும் இப்படித்தான் தொடங்கியது. குட்டியாக இருந்தபோது ஆசையாக வாங்கிய பர்மிய மலைப்பாம்பு பத்தடி, பதினைந்தடி வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் இரவில் கொண்டுபோய் விட்டனர் சிலர். 1992-ஆம் ஆண்டின் ஆண்ட்ரூ புயலில் பாம்புப் பண்ணை ஒன்று சிதைந்து அங்கிருந்தும் பல தப்பின. 2000-ஆம் ஆண்டளவில் அவை அங்கே இனம் பெருக்கி நிலைத்துவிட்டன என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2012-இல் வெளிவந்த ஆய்வின்படி, பாம்புகள் நெடுநாள் வாழ்ந்த பகுதிகளில் ரக்கூன் என்னும் சிறுவிலங்கு 99 விழுக்காடும், காட்டுப்பூனை இனம் ஒன்று 87 விழுக்காடும் குறைந்துபோயின. முயல்கள் கண்ணிலேயே படவில்லை. அந்த ஆண்டுதான் பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதிக்கு அமெரிக்க அரசு தடை விதித்தது. கதவு சாத்தப்பட்டபோது குதிரை போய்விட்டது என்று சொல்லலாமா? அங்கே வீட்டிற்குள் புகுந்துவிட்டதே சிக்கல்.

2016-இல் அங்கே ஒரு மாதம் பாம்பு வேட்டைப் போட்டி நடத்தினர். ஆயிரம் பேருக்குமேல் கலந்துகொண்டு பிடித்தவை 106. மறு ஆண்டு சனவரியில் புளோரிடாப் பல்கலைக்கழகமும் அம்மாநில வனவிலங்கு ஆணையமும் யாரை அழைத்தன தெரியுமா? செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இருளர் இருவரை: மாசி சடையன், வடிவேல் கோபால். துப்பாக்கியில்லை, பொறியில்லை. தடம், உரித்த சட்டை, எச்சம் ஆகியவற்றைப் படித்து, கையில் ஒரு கடப்பாரைக் கம்பியுடன் புதரை விலக்கிச் சென்றனர். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 பாம்புகள். அவற்றுள் ஒன்று, கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் நிலவறைக்குள் ஒளிந்திருந்த 16 அடிப் பெண் பாம்பு. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அவர்கள் பிடித்தவை 33.

இந்தக் கலை இருளருக்கு எளிதில் வாய்த்ததன்று. பாம்புத் தோல் வணிகம் நடந்த காலத்தில் தோலுக்காகப் பிடித்தவர்கள் அவர்கள். சட்டம் வந்து, தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டபின் அடுப்பெரிய வழியின்றி நின்றனர். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நச்சுப் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, பிடித்த பகுதியிலேயே திரும்ப விட்டுவிடுவது அதன் தொழில். அந்நஞ்சிலிருந்து ஆகும் மருந்தினால் இந்நாட்டில் எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

"வசதி படைத்தவர் வளர்த்துச் சலித்து விட்டதைப் பொறுக்க, நம் ஊர் ஏழைகள் கடல் கடந்து போனார்கள். நீ சிறுமலையில் விட்டால் அதைப் பொறுக்க யார் வருவார்?" என்று கேட்டோம். அவன் தலை குனிந்து கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இல்லத்தரசியார், "அது இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும், தம்பி?" என்று மட்டும் கேட்டார். இருபது ஆண்டிற்குமேல் வாழும் என்றான். "வாங்கும்போது தெரியாதா?" "தெரியும், அத்தை." அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் அலைந்தான். பாம்பு வளர்க்கும் நண்பர்கள் எல்லாருக்கும் எழுதினான். குட்டி என்றால் வாங்கிக்கொள்ள ஆளுண்டு, ஏழடிப் பாம்பை ஏற்க ஆளில்லை என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டான். சூலை இறுதியில், பெங்களூரில் அதே இனத்தை முறைப்படி பதிவு செய்து வளர்க்கும் ஒருவர் இசைந்தார். உடைமையை இன்னொருவருக்கு மாற்றுவதையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான தாள்களை முடித்தான். வண்டி இரவு பத்து மணிக்குப் புறப்பட்டது. பெட்டியை ஏற்றுமுன் அவன் கையைச் சோப்பு இட்டுக் கழுவி, கம்பியால் ஒருமுறை மெல்லத் தொட்டு, அதன் உடலைத் தடவிக்கொடுத்தான். அவன் கண் கலங்கியதை நாம் பார்த்தோம். ஐந்தாண்டு தனிமையில் அவனுக்குத் துணையாக இருந்தது அது ஒன்றே என்பதை அதுவரை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, திருப்பலிக்குப் போனாயா என்று கேட்டதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இப்போது கனடாவிலிருந்து வாரம் இருமுறை அழைக்கிறான், நாமும் அழைக்கிறோம். அங்கே எதையும் வளர்க்கவில்லை. பங்கின் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறானாம். பின்னறையில் மறுபடி தேங்காய் நிறைந்திருக்கிறது. சன்னல் வலையை மட்டும் கழற்றவில்லை.

சென்ற மழைக்காலத்தில் கால்வாய்க் கரை மணலில் ஒரு தடம் கண்டோம். சாரைப் பாம்பின் தடம் வளைந்து வளைந்து செல்லும். இது ஒரு கட்டையை இழுத்துச் சென்றதுபோல் நேராக, ஒரு சாண் அகலத்தில், வாழைத் தோட்டத்தைக் கடந்து மலைப்பக்கம் போயிருந்தது. வேலையாளும் பார்த்தார், இம்முறை கூக்குரலிடவில்லை. அடுக்களைச் சுவரில் வனத்துறை அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை இல்லத்தரசியார் முன்னரே கரியால் எழுதி வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டக்காரரிடம் சென்று, ஆட்டுக்குட்டிகளை இருட்டுவதற்குமுன் பட்டியில் அடைத்துவிடுமாறு சொல்லிவிட்டுத் திரும்பினோம்.